மூன்று வசனம் முன்னால்

என் தோழி ஒருத்தியின் ஐந்து வயது மகன் இறந்துபோனான். காய்ச்சல் என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், ஆறாம் நாள் போய்விட்டான். நான் வெளியூரில் இருந்தேன், உடனே கிளம்ப முடியவில்லை. அன்று இரவு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஆறுதலாக நாலு வரி, கடைசியில் வேதாகமத்திலிருந்து ஒரு வசனம்: “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” யோபு 8:7. சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்த வசனம். யோபு எல்லாவற்றையும் இழந்தவர், பிறகு தேவன் திரும்பக் கொடுத்தார், ஆகவே பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் பதில் அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து நேரில் பார்த்தபோதுதான் அதைப் பற்றிப் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை.

“அக்கா, அந்த வசனத்துக்கு மூணு வசனம் முன்னாடி என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?”

நான் பார்த்திருக்கவில்லை. அவளே எடுத்துக் காட்டினாள். பேசுகிறவன் பில்தாத், யோபின் நண்பன். யோபின் ஏழு மகன்களும் மூன்று மகள்களும் வீடு இடிந்து விழுந்து செத்திருக்கிறார்கள். அந்தத் தகப்பனிடம் வந்து, உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான தண்டனைக்குத்தான் தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்தார் என்று பேசுகிறான். அது எட்டாம் அதிகாரம் நான்காம் வசனம். அதே மூச்சில் சொன்னதுதான் ஏழாம் வசனம். மகனைப் புதைத்து இரண்டு நாள்கூட ஆகாத ஒரு தாய்க்கு நான் அனுப்பியது அந்த மனிதனின் வார்த்தை.

என்னால் மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடிந்தது. அவள் மன்னித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். ஒரு வருடத் திட்டப்படி முழு வேதாகமத்தையும் இரண்டு முறை வாசித்து முடித்தவள். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம். அப்படியென்றால் யோபு எட்டாம் அதிகாரத்தை இரண்டு முறை கடந்துபோயிருக்கிறேன். எப்படி அது என் கண்ணில் படாமல் போனது?

பட்டிருக்காது என்பதுதான் உண்மை. வாசிக்கும்போது எனக்கு ஏற்கெனவே தெரிந்த வசனங்களைத் தேடிக்கொண்டே போயிருக்கிறேன். தெரிந்த வரி வந்தால் ஒரு சந்தோஷம், அடிக்கோடு, அப்புறம் அடுத்த தெரிந்த வரி வரைக்கும் வேக நடை. வருடத் திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, எந்த ராஜாவுக்குப் பிறகு எந்த ராஜா என்கிற பரந்த வரைபடம் அதனால்தான் எனக்குக் கிடைத்தது. ஆனால் அதைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரயில் ஜன்னலில் ஒரு ஊரைப் பார்ப்பது வேறு, அந்த ஊரில் இறங்கி நடப்பது வேறு.

சரி, யோபுவிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் தெரிந்துகொண்டது மிகச் சாதாரணமான ஒன்று. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் மேற்கோள் குறி கிடையாது. “பில்தாத் பிரதியுத்தரமாக” என்று ஒரு இடத்தில் வரும், பிறகு இருபது முப்பது வசனங்களுக்கு யார் பேசுகிறார் என்று எந்த அடையாளமும் இருக்காது. நடுவில் ஒரு வசனத்தை எடுத்தால் அது யார் வாயிலிருந்து வந்தது என்றே தெரியாது. எல்லாம் வேத வசனம், எல்லாம் ஒரே குரல் என்று காதில் விழும்.

அதனால் வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டேன். யோபு பேசும் இடங்களில் ஓரத்தில் நீலக் கோடு. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்கிற மூன்று நண்பர்களுக்கும் பச்சை. பின்னால் வருகிற எலிகூவுக்கு ஆரஞ்சு. கர்த்தர் பேசுவதற்குச் சிவப்பு. 42 அதிகாரங்களுக்கும் கோடு போட மூன்று வாரம் ஆனது. முடித்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டியபோது திடுக்கிட்டேன். நான் வாக்குத்தத்தமாக நினைத்து வைத்திருந்த பல வரிகள் பச்சையில் இருந்தன. “நீர் அவரோடே பழகி சமாதானமாயிரும், அதினால் உமக்கு நன்மைவரும்” என்பது எலிப்பாஸ் சொன்னது. “நீர் ஒரு காரியத்தை நிர்ணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்” என்பதும் அவனே, அதே 22ஆம் அதிகாரத்தில். அந்த அதிகாரத்தின் முதல் பாதியில் அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? நீர் தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, விதவைகளை வெறுமையாய் அனுப்பிவிட்டீர் என்று ஒரு ஆதாரமும் இல்லாமல் யோபுவின் மேல் குற்றம் சுமத்துகிறான். கடைசியில் கர்த்தரே எலிப்பாஸைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்கிறார்.

இந்த இடத்தில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். பச்சைக் கோடு போட்டதெல்லாம் தப்பு, ஒதுக்கிவிட வேண்டும் என்று சில மாதங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் அவசரம்தான். பவுல் 1 கொரிந்தியர் 3:19இல் “ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார்” என்று எழுதியிருக்கிறது என எடுத்துக்காட்டுகிறார். அது யோபு 5:13, எலிப்பாஸின் வார்த்தை. அதோடு, கதையின் முடிவில் கர்த்தர் யோபின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையை அதிகமாக ஆசீர்வதிக்கிறார். அப்படியானால் பில்தாத் சொன்னது ஒருவகையில் நடந்தேவிட்டது. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்துக்காக நடக்கவில்லை. நல்ல வாக்கியத்தைத் தப்பான மனிதனிடம், தப்பான காரணத்தோடு சொன்னார்கள் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் வலி என்று இப்போது நினைக்கிறேன். அந்த நண்பர்கள் செய்ததிலேயே மிக நல்ல காரியம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இருக்கிறது. ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்குப் பிறகு எந்தப் பகுதியைத் திறந்தாலும் முதல் கேள்வி இதுதான்: யார், யாரிடம், எதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்? லூக்கா 15இல் காணாமற்போன ஆடு, காசு, மகன் என்று மூன்று உவமைகள். பாவிகளுக்குச் சொன்னவை என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு வசனத்தைப் பாருங்கள். இயேசு பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்த பரிசேயருக்கும் வேதபாரகருக்கும் சொன்னவை. அப்படி வாசித்தால்தான், திரும்பி வந்த தம்பிக்கு விருந்தா என்று கோபித்து மூத்த மகன் வீட்டுக்கு வெளியே நிற்பதும், அவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலே கதை நின்றுவிடுவதும் புரிகிறது. கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள்தான் அந்த மூத்த மகன்.

அதிகாரம், வசனம் என்கிற எண்கள் எனக்குச் செய்த கெடுதலும் கொஞ்சம் இருக்கிறது. இந்த எண்கள் எழுதியவர்கள் போட்டவை இல்லை. இன்றைக்கு நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்கிற பேராயரால் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்கிற அச்சகக்காரர் 1551இல் போட்டார். தேடிக் கண்டுபிடிக்க இவை இல்லாமல் முடியாது, நன்றி சொல்ல வேண்டிய வேலை. ஆனால் எண் எங்கே மாறுகிறதோ அங்கே பேச்சும் முடிந்துவிட்டது என்று மனது எடுத்துக்கொள்கிறது. ஏசாயா 53ஐ முழுவதும் மனப்பாடமாகச் சொல்வேன். தேவனுடைய தாசன் பாடுபடுவதைப் பற்றிய அந்தப் பாட்டு உண்மையில் 52:13இலேயே தொடங்குகிறது என்று எனக்குப் பல வருடம் தெரியாது. அங்கே முதல் வரியே தாசன் உயர்த்தப்படுவார், மேன்மையாயிருப்பார் என்பது. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் அசட்டைபண்ணப்பட்டதைச் சொல்கிறது. உயரத்தில் ஆரம்பித்துப் பள்ளத்துக்கு இறங்கி மறுபடி ஏறுகிற பாட்டை நான் நடுவிலிருந்து பாடிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நான் கண்ட வழி, சின்னப் புத்தகங்களைக் கையால் எண் இல்லாமல் எழுதுவது. பிலேமோன் 25 வசனம்தான், ஒரே உட்காரலில் எழுதிவிடலாம். ரூத் நான்கு அதிகாரம், யோனா நான்கு அதிகாரம். எழுதும்போது கை மெதுவாகப் போவதால் கண்ணும் மெதுவாகப் போகிறது. பிலேமோனை எழுதும்போதுதான் “முன்னே அவன் உமக்குப் பிரயோஜனமில்லாதவன், இப்பொழுதோ உமக்கும் எனக்கும் பிரயோஜனமுள்ளவன்” என்ற வரியில் நின்றேன். ஏன் இந்தச் சொல்லை இப்படித் திருப்பிப் போடுகிறார்? பிறகு ஒரு வேத அகராதியில் பார்த்தேன். பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவைப் பற்றிய வரி அது, ஒநேசிமு என்ற கிரேக்கப் பெயருக்கே பிரயோஜனமுள்ளவன் என்றுதான் பொருள். அடிமைக்கு வைத்த அந்தப் பெயரை, எஜமானுக்கு எழுதும் கடிதத்தில் பவுல் உண்மையான பெயராக்கித் திருப்பிக் கொடுக்கிறார்.

பெரிய புத்தகங்களுக்கு எழுதுவது நடக்காது. அவற்றை ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்கலாம். மாற்கு சுவிசேஷத்தை ஒரு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக வாசித்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. என் வேத வாசிப்பில் மறக்க முடியாத மதியம் அது. அதற்குமுன் எனக்கு ஒரு நெருடல் உண்டு. எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு குணமாக்குகிறார். முதலில் கை வைக்கிறார், அவனுக்குப் பாதிதான் தெரிகிறது, “நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்” என்கிறான். மறுபடி கை வைத்த பிறகுதான் தெளிவாகிறது. ஏன் இரண்டு முறை? தனியாக அந்த ஐந்து வசனத்தை வைத்துப் பிரசங்கம் கேட்டபோதெல்லாம் விசுவாசக் குறைவு, படிப்படியான சுகம் என்று ஏதோ ஒரு பதில் கிடைத்தது, மனசு ஒப்பவில்லை.

ஒரே மூச்சில் வாசித்தபோது அந்தக் குருடன் எங்கே நிற்கிறான் என்பது தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் இயேசு சீஷர்களிடம், உங்களுக்குக் கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா என்று கேட்கிறார். குருடன் குணமான உடனே பேதுரு “நீர் கிறிஸ்து” என்கிறான். சரியாகப் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறோம். நாலு வசனம் தாண்டுவதற்குள், பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னதைத் தடுத்து, “எனக்குப் பின்னாகப்போ சாத்தானே” என்று வாங்கிக்கட்டிக்கொள்கிறான். பேதுருவுக்கும் மரங்களைப்போலத்தான் தெரிந்திருக்கிறது! எட்டு, ஒன்பது, பத்து என மூன்று அதிகாரங்களிலும் தம் மரணத்தை இயேசு ஒவ்வொரு முறை சொல்கிறார். ஒவ்வொரு முறையும் சீஷர்கள் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். ஒருமுறை தங்களில் யார் பெரியவன் என்று வாதாடுகிறார்கள், ஒருமுறை வலது இடது பக்க இருக்கை கேட்கிறார்கள். பத்தாம் அதிகாரம் முடியும் இடத்தில் இன்னொரு குருடன் வருகிறான், பர்திமேயு. அவனுக்கு உடனே பார்வை கிடைத்து வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான் என்று அந்தப் பகுதி முடிகிறது. இரண்டு குருடர்களுக்கு நடுவில் பார்வையிருந்தும் பார்க்காத பன்னிரண்டு பேர்.

வேத அறிஞர்கள் பலர் இதை எழுதியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. அதனால் என் சந்தோஷம் குறையவில்லை. அவர்கள் சொல்லிக் கேட்பதற்குமுன் நானே பார்த்துவிட்டேன் என்பது இன்றைக்கும் எனக்கு நிறைவாக இருக்கிறது. விளக்கவுரையைக் கடைசியில் திறப்பது என்கிற பழக்கம் அன்றிலிருந்து வந்ததுதான். முன்பெல்லாம் ஒரு பகுதி புரியவில்லை என்றால் அடுத்த நிமிடமே விளக்கவுரை. இப்போது ஒரு வாரமாவது அந்தக் கேள்வியோடு இருந்துவிட்டுத்தான் திறக்கிறேன். திறக்கும்போது இரண்டைத் திறக்கிறேன், முடிந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டை. இரண்டு பேரும் எந்தச் சொல்லில் பிரிகிறார்கள் என்று பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தமிழில் வாசிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் தெரிந்தவர்கள்கூட ஆங்கிலத்தில் வாசித்தால்தான் ஆழமாகப் புரியும் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லூக்கா 22இல் இயேசு பேதுருவிடம் பேசுவதைப் பாருங்கள். சாத்தான் “உங்களை” புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான், நானோ “உன்” விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு “உனக்காக” வேண்டிக்கொண்டேன். சோதனை எல்லோருக்கும், ஜெபம் இந்த ஒருவனுக்காகப் பெயர் சொல்லி. கிரேக்கத்தில் இருக்கிற இந்த வேறுபாடு தமிழில் பளிச்சென்று நிற்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

இன்னொன்று, கிரேக்கத்திலேயே இல்லாதது. நாம், நாங்கள் என்று பிரித்துச் சொல்லும் வசதி நமக்கு உண்டு, கிரேக்கத்துக்கு இல்லை. ஆகவே தமிழில் மொழிபெயர்த்தவர்கள் ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்தே ஆக வேண்டியிருந்தது. புயலில் சீஷர்கள் இயேசுவை எழுப்பி, “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்கிறார்கள். நாங்கள் என்றால் அவர் அதில் சேர்த்தி இல்லை. அதே படகில்தான் அவரும் இருக்கிறார்! “நாம் மடிந்துபோகிறோம்” என்றும் மொழிபெயர்த்திருக்கலாம், கிரேக்கம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஆனால் பயத்தில் இருக்கிறவன் அப்படித்தான் பேசுவான், அவர் நம்மோடு இல்லை என்று. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் வசனத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். மொழிபெயர்ப்பே ஒரு விளக்கம் என்பதை இந்த ஒரு சொல்லில்தான் நான் உணர்ந்தேன்.

அதே தமிழ் நம்மை ஏமாற்றுகிற இடங்களும் இருக்கின்றன, முக்கியமாகப் பழைய மொழிபெயர்ப்பில். சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் “சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்” என்பதை விடுதலையோடு சேர்த்துப் புரிந்துகொண்ட ஒரு இளைஞர் எங்கள் வேத பாட வகுப்பில் இருந்தார். தப்பு அவர் மேல் இல்லை, இன்றைக்குச் சுதந்திரம் என்றால் விடுதலைதானே. வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் வழிவழியாக வந்து சேரும் உரிமைச் சொத்து. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அந்த இடத்தில் உரிமைச் சொத்து என்றே சொல்கிறது. சங்கீதம் 16இல் “கர்த்தர் என் சுதந்தரம்” என்று வருவதையும் அப்படி வாசித்துப் பாருங்கள், மற்றவர்களுக்கு நிலம் வந்தது, எனக்கு அவரே வந்தார் என்று கேட்கும். அதேபோல, இந்தப் “பிரபஞ்சத்திற்கு” ஒத்த வேஷந்தரியாதீர்கள் என்று ரோமர் 12இல் வருவதற்கும் நட்சத்திர மண்டலங்களுக்கும் சம்பந்தமில்லை. இந்தக் காலம், இந்த உலகத்தின் போக்கு என்பது பொருள். இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், நாற்பது சொல்லுக்கு மேல் சேர்ந்துவிட்டது. இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் இடத்தில் மட்டும் நின்றால் போதும், நோட்டு தானாக நிறையும்.

ரூத்தில் இதற்கு மிக அழகான ஒரு இடம் உண்டு. இரண்டாம் அதிகாரத்தில் வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ், அங்கே கதிர் பொறுக்க வந்த விதவை ரூத்திடம், நீ கர்த்தருடைய “செட்டைகளின்கீழ்” அடைக்கலமாய் வந்தாயே, அவர் உனக்குப் பலன் தருவாராக என்று வாழ்த்துகிறான். மூன்றாம் அதிகாரத்தில், இரவில் களத்தில், ரூத் அவனிடம் உம்முடைய “போர்வையை” என்மேல் விரியும் என்கிறாள். தமிழில் இரண்டு வேறு சொற்கள். எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல், கானாஃப். சிறகு என்றும் பொருள், ஆடையின் ஓரம் என்றும் பொருள். தேவனுடைய சிறகுக்குக் கீழே வந்தவள் என்று என்னை வாழ்த்தினீரே, இப்போது நீரே அந்தச் சிறகாக இரும் என்று அவனுடைய ஜெபத்தையே அவனிடம் திருப்பிக் கேட்கிறாள் அந்தப் பெண். இது தெரிந்த அன்று நான் வேறு எதையும் வாசிக்கவில்லை.

எபிரெயமும் கிரேக்கமும் எனக்குத் தெரியாது. ஒரு மொழிச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு, கன்கார்டன்ஸ் என்பார்கள், அதையும் கைப்பேசியில் இருக்கும் வேதாகமச் செயலியையும் வைத்துத்தான் இதெல்லாம். அதில் ஆபத்தும் இருக்கிறது, அதில் நான் விழுந்தேன். ஒருமுறை வேத பாடத்தில் அகாப்பே என்றால் தெய்வீக அன்பு, ஃபிலியா என்றால் வெறும் நட்பு என்று நீளமாக விளக்கினேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். வயதான ஒரு ஐயா மட்டும், “அம்மா, பவுலோடு இருந்த தேமா இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்துப் போய்விட்டான்னு 2 தீமோத்தேயு 4:10இல் இருக்கே, அங்கே கிரேக்கத்தில் என்ன சொல்னு பாருங்க” என்றார். பார்த்தேன். அகாப்பே என்பதன் வினைச்சொல்தான். அதோடு, பிதா குமாரனை நேசிக்கிறார் என்பதற்கு யோவான் 3:35 ஒரு சொல்லையும் 5:20 மற்றச் சொல்லையும் பயன்படுத்துகிறது. சொல்லுக்குள் அர்த்தம் பூட்டி வைக்கப்பட்டிருப்பதில்லை, வாக்கியம்தான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. நம் தாய்மொழியில் இது நமக்கு நன்றாகவே தெரியும். வேறு மொழி என்றவுடன் ஒவ்வொரு சொல்லும் ரகசியப் பெட்டியாகிவிடுகிறது. அடுத்த வாரம் எல்லோரிடமும் எழுதியதை அடித்துவிடச் சொன்னேன்.

அந்த ஐயா இல்லையென்றால் அந்தத் தப்பை எத்தனை பேருக்குக் கடத்தியிருப்பேனோ. தனியாக வாசிப்பது அவசியம், ஆனால் தனியாக மட்டுமே வாசித்தால் நம்மைத் திருத்த ஆளில்லை. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருக்கிறார், உமக்குப் புரிகிறதா என்று பிலிப்பு கேட்க, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறார். எங்கள் குழுவில் ஆறேழு பேர்தான். ஒரே விதி, வசனத்தைச் சொல்கிறவர் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் வாசிக்க வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது என்று சிலர் சொன்னார்கள். இப்போது யாரும் சொல்லாமலே செய்கிறார்கள்.

புரியாத இடங்கள் நிறைய இருக்கின்றன. எதிரியின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்கிற சங்கீதம் 137இன் கடைசி வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன், வருடங்களாக அது அங்கேதான் இருக்கிறது. அவசரமாக ஒரு பதிலைச் சொல்லி அதை அழிக்க எனக்கு விருப்பமில்லை.

என் தோழியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மகன் போய் நாலு வருடம் கழித்து அவளே கேட்டாள், வாரம் ஒருநாள் போனில் சேர்ந்து வாசிக்கலாமா அக்கா என்று. புலம்பல் புத்தகத்தில் ஆரம்பித்தோம். அந்தப் புத்தகத்தின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்து வரிசையில் அமைந்த பாட்டுகள் என்று அவளுக்குச் சொன்னேன். 22 எழுத்து, முதல் இரண்டிலும் நான்காவதிலும் 22 வசனம், மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. ஐந்தாவதிலும் 22 வசனம் இருக்கிறது, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அழுகையைக் கொஞ்ச நாள்தான் ஒழுங்கா வச்சிருக்க முடியும்” என்றாள். எந்த விளக்கவுரையிலும் நான் அப்படி ஒன்றை வாசித்ததில்லை.

அப்புறம் சங்கீதங்களுக்கு வந்தோம். 88ஆம் சங்கீதத்தை அவள்தான் வாசித்தாள். “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று தொடங்குகிறது, அந்த ஒரு வரியைத் தவிர வெளிச்சமே இல்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், நான் இன்னும் அவரைத் துதிப்பேன் என்பதுபோல. இதில் வராது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி நின்றுவிடும். எபிரெயத்தில் கடைசிச் சொல் இருள் என்று நான் சொன்னேன். போனின் அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. நானும் ஒன்றும் பேசவில்லை.

“அன்னிக்கு இதை அனுப்பியிருந்தீங்கன்னா, நான் பதில் போட்டிருப்பேன் அக்கா” என்றாள்.

அடுத்த வாரமும் 88ஐயே வாசித்தோம்.